நாஸ்டிக் என்றால் நாத்திகர் இல்லையா? ஆதித் திருச்சபையின் ஞானவாதிகள் பற்றி ஒரு தொடக்கநிலைக் கேள்வி

கொன்றை:
வணக்கம். எங்கள் சபையில் புதன்கிழமைதோறும் வேதபாட வகுப்பு நடக்கிறது. போன வாரம் யோவானின் முதல் நிருபம். இயேசுகிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கைபண்ணாத ஆவி தேவனால் உண்டானதல்ல என்ற பகுதி வந்ததும், பாடம் நடத்தியவர் "இது நாஸ்டிக்குகளுக்கு எதிராக எழுதப்பட்டது" என்றார். நான் நோட்டில் "நாஸ்திகர்களுக்கு எதிராக" என்று எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடவுளே இல்லை என்பவருக்கு, இயேசு மாம்சத்தில் வந்தாரா ஆவியாக வந்தாரா என்பதில் என்ன அக்கறை?

இணையத்தில் தேடினேன். ஒரு காணொளி "திருச்சபை மறைத்த ரகசியம்" என்கிறது. அடுத்தது "சாத்தானின் வஞ்சகம்" என்கிறது. இரண்டையும் பார்த்து முடித்தபிறகும் இவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்பது தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வதுபோல் யாராவது சொல்ல முடியுமா?

சந்தேகி:
நான் பத்து வருடமாக நாஸ்திகம் என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். துணைக்கு ஆள் கிடைத்ததில் மகிழ்ச்சி.

ஓலைச்சுவடி:
இந்தக் குழப்பம் நம் மொழியில் எளிதில் நேர்வது. கிரேக்கச் சொல் 'க்னோசிஸ்'. அதன் முதல் எழுத்தை ஆங்கிலேயர் எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். நாம் அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதியதால் 'க்' போய் 'நாஸ்டிக்' ஆனது. அது போய் நாஸ்திகத்தின் மடியில் விழுந்தது. 'க்'கைத் திரும்ப ஒட்டிப் பாருங்கள். க்னோசிஸ், ஜ்ஞானம் இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. நம் 'ஞானம்' அந்த வழியில் வந்ததுதான். ஆக, இவர்கள் நாத்திகர்களுக்கு நேர் எதிர்முனை. ஒரு கடவுள் போதாது என்று அடுக்கடுக்காகத் தெய்வ உலகங்களைக் கண்டவர்கள்.

'ஞானவாதிகள்' என்று தமிழில் எழுதுகிறார்கள், நானும் எழுதுகிறேன். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். நம் வேதாகமத்தில் 'சோபியா' என்ற கிரேக்கச் சொல்லும் ஞானம், சில இடங்களில் 'க்னோசிஸ்'உம் ஞானம். இவர்களுடைய கதையில் சோபியா ஒரு பாத்திரம். தவறு செய்து உலகத்தையே சிக்கலில் மாட்டிவிடும் பாத்திரம். க்னோசிஸ் என்பதோ அந்தச் சிக்கலிலிருந்து மனிதனை மீட்கும் அறிவு. இரண்டையும் ஞானம் என்றால் நோயும் மருந்தும் ஒரே பெயரில் வந்துவிடும்.

வரையறையில் தொடங்கினால் தூக்கம் வரும். ஒரு நூலில் தொடங்குகிறேன்: 'யோவானின் இரகசிய நூல்'. எகிப்தின் நக் ஹமாடியில் கிடைத்த தொகுப்பில் மட்டும் இதற்கு மூன்று பிரதிகள். மூன்று சுவடிகளிலும் இதுதான் முதல் நூல். வைத்திருந்தவர்கள் இதை எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கதை இப்படிப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, 'இப்படி இருக்கிறார்' என்று சொல்லவே முடியாத ஒருவர். அளக்க முடியாதவர், பெயரிட முடியாதவர் என்று பக்கம் பக்கமாக இல்லை, இல்லை என்றே அவரை வர்ணிக்கிறார்கள். அவரிடமிருந்து பார்பெலோ என்ற முதல் எண்ணம், பிறகு ஏயோன்கள் எனப்படும் ஒளிமயமான நிலைகள். கடைசியில் வருபவள் சோபியா. அவள் தன் இணையின் சம்மதமில்லாமல் தானாகவே ஒன்றைப் பிறப்பிக்க ஆசைப்படுகிறாள். பிறந்தது அவள் சாயலில் இல்லை. சிங்க முகம், பாம்பு உடல், மின்னல் வெட்டும் கண்கள். வெட்கப்பட்டு அதைத் தூர எறிந்து, யார் கண்ணிலும் படாமல் ஒரு பிரகாசமான மேகத்தால் மூடி, நடுவில் ஓர் ஆசனத்தையும் போட்டுவைக்கிறாள். அதன் பெயர் யால்தபாவோத். இன்னொரு பெயர் சக்லாஸ், அதாவது முட்டாள்.

மேகத்துக்குள் பிறந்து வளர்ந்த அதற்கு மேலே இருப்பவை எதுவும் தெரியாது. தாயிடமிருந்து எடுத்துக்கொண்ட சக்தியால் அதிகாரிகளைப் படைக்கிறது, வானங்களைப் படைக்கிறது, பிறகு அறிவிக்கிறது: நான் எரிச்சலுள்ள தேவன், என்னைத் தவிர வேறு தேவன் இல்லை.

யாத்திராகமம் 20, ஏசாயா 45 படித்தவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். நூலாசிரியர் அங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறார்: வேறொருவர் இல்லையென்றால் யாரைப் பார்த்து எரிச்சல்?

இந்த ஒரு கேள்வி புரிந்தால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். பழைய ஏற்பாட்டைக் கிழித்தெறியவில்லை. வரிக்கு வரி படித்து, தலைகீழாகப் படிக்கிறார்கள். உலகத்தைப் படைத்தவர் வேறு, உண்மையான கடவுள் வேறு. மனிதனுக்குள் ஒரு பொறி அந்த மேலிடத்துக்குச் சொந்தம். யால்தபாவோத்தும் ஆட்களும் ஆதாமைச் செய்கிறார்கள். நீண்ட பிரதியில் வலது கண்ணைச் செய்தவர் யார், இடது காதைச் செய்தவர் யார் என்று உறுப்பு உறுப்பாகப் பட்டியல் வருகிறது. செய்து முடித்தும் உடல் அசையாமல் கிடக்கிறது. 'உன் மூச்சை ஊது' என்று மேலிருந்து வந்தவர்கள் யால்தபாவோத்துக்கு யோசனை சொல்கிறார்கள். ஊதுகிறது, தாயிடமிருந்து எடுத்த சக்தி ஆதாமுக்குள் போய்விடுகிறது. ஆதாம் எழுகிறான், செய்தவர்களைவிடப் பிரகாசமாக. நாம் அந்த வம்சம். மறந்துபோயிருக்கிறோம். அதை நினைவூட்ட வருபவர் கிறிஸ்து. அந்த நினைவுக்கு வருதலே க்னோசிஸ்.

பழைய உபதேசியார்:
ஓலைச்சுவடி கதையை அழகாகச் சொல்லிவிட்டார். கேட்டவர்களில் எல்லாரும் மயங்கவில்லை, சகோதரி. லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியஸ், ஏறக்குறைய கி.பி. 180-இல், இவர்களை மறுத்து ஐந்து புத்தகம் எழுதினார். சிறு வயதில் சிமிர்னாவில் அந்நகரப் பேராயர் பாலிகார்ப்பின் போதனையைக் கேட்டு வளர்ந்தவர். கடுமையான மனிதர் என்று பலரும் நினைப்பார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது நகைச்சுவை.

ஞானவாதிகள் ஏயோன்களுக்கு 'ஆதி', 'ஆழம்', 'மௌனம்' என்று கம்பீரமாகப் பெயர் வைப்பார்கள். ஐரேனியஸ், 'நானும் ஒரு பட்டியல் தருகிறேன்' என்று ஆரம்பிக்கிறார். முதலில் ஒரு சுரைக்காய் இருந்தது. அதனுடன் வெறுமையிலும் வெறுமை இருந்தது. இவை இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளரிக்காயைத் தந்தன. அதனுடன் ஒரு முலாம்பழம். இவற்றிலிருந்து மற்ற காய்களெல்லாம் பெருகின! 1,800 ஆண்டு கழித்துப் படித்தாலும் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று, வண்ணக் கற்களால் பதித்த ராஜாவின் படம். ஒருவன் அந்தக் கற்களைப் பெயர்த்து, அதே கற்களால் ஒரு நரியைச் செய்துவிட்டு, 'இதுதான் அந்த ராஜா, கற்களைப் பாருங்கள், அவையேதான்' என்கிறான். வேத வசனங்களை இவர்கள் அப்படித்தான் மாற்றிப் பதிக்கிறார்கள் என்கிறார். நாற்பது வருடம் ஊழியத்தில் இருந்த எனக்கு இந்த உவமை ஞானவாதிகளோடு முடிந்துபோகிற ஒன்றல்ல.

ஓலைச்சுவடி:
உபதேசியார் ஐயா, ஐரேனியஸுக்கு நானும் ஒரு நன்றி சொல்லவேண்டும். நூற்றாண்டுகளாக இவர்களைப் பற்றிப் பெரும்பாலும் எதிராளிகளின் எழுத்து வழியாகவே தெரிந்துகொண்டோம். எதிராளி மிகைப்படுத்தியிருப்பார் என்ற சந்தேகம் நியாயமானது. 'யோவானின் இரகசிய நூல்' கையில் கிடைத்தபிறகு ஒப்பிட்டால், அதன் முதல் பாதிக் கதையை ஐரேனியஸ் தம் முதல் புத்தகத்தில் ஏறக்குறைய சரியாகவே சுருக்கியிருக்கிறார். கிண்டல் செய்தவர், படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்.

கொன்றை:
ஐயா, சுரைக்காயை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். ஒரு கேள்வி. அப்படியானால் ஞானவாதிகள் எல்லாரும் படைத்தவரை இப்படிச் சிங்கமுகப் பூதமாகத்தான் பார்த்தார்களா?

ஓலைச்சுவடி:
இல்லை. தொடக்கநிலைக் கட்டுரைகள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இது.

வாலன்டினஸ் என்று ஒருவர். எகிப்தில் பிறந்து அலெக்சாந்திரியாவில் படித்தவர். 140-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமில் போதித்தார், திருச்சபைக்கு உள்ளேயே இருந்துகொண்டு. பேராயராகும் எதிர்பார்ப்பு இருந்தது, வேறொருவருக்குப் போய்விட்டது, அந்தக் கோபத்தில் விலகினார் என்று தெர்துல்லியன் என்ற பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார். தெர்துல்லியன் யாரைப் பற்றியும் நல்லது சொல்ல அவசரப்படாதவர், ஆகவே அந்தக் காரணத்தை அவர் கணக்கிலேயே வைப்போம். வாலன்டினஸின் மாணவர்களில் ஒருவர் ஹெராக்லியோன். யோவான் நற்செய்திக்கு நமக்குத் தெரிந்த முதல் உரை அவருடையது. இன்னொருவர் தாலமி. அவர் ஃபுளோரா என்ற பெண்மணிக்கு எழுதிய கடிதம் முழுதாகத் தப்பித்திருக்கிறது.

அந்தக் கடிதம் கொன்றை கேட்ட கேள்விக்கு நேரான பதில். மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கொடுத்தது யார்? பிதாவாகிய கடவுள் என்று சிலர், பிசாசு என்று சிலர். இரண்டும் தவறு என்கிறார் தாலமி. குறையுள்ள சட்டத்தைப் பரிபூரணமானவர் கொடுத்திருக்க முடியாது. அநியாயத்தைத் தடுக்கும் சட்டத்தைப் பிசாசும் கொடுத்திருக்க முடியாது. கொடுத்தவர் இருவருக்கும் நடுவில் இருப்பவர், உலகைச் செய்தவர், நீதியுள்ளவர். சிங்க முகமும் இல்லை, மின்னல் கண்ணும் இல்லை.

சட்டத்தையும் பிரிக்கிறார். ஒரு பகுதி கடவுளுடையது, ஒரு பகுதி மோசே சொந்தமாகச் சேர்த்தது, ஒரு பகுதி மூப்பர்களுடையது. மோசே சேர்த்ததற்கு ஆதாரம் தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்து. 'உங்கள் இருதயகடினத்தினிமித்தம்' மோசே அனுமதித்தார் என்று இயேசுவே சொல்லவில்லையா என்கிறார். கடவுளுடைய பகுதியிலும் பத்துக் கட்டளை தூயது; கண்ணுக்குக் கண் என்பது அநியாயம் கலந்தது; ஓய்வுநாள், விருத்தசேதனம் போன்றவை அடையாளங்கள். மூர்க்கமே இல்லாத எழுத்து. கையெழுத்தை மறைத்துக் கொடுத்தால், ஒரு நிதானமான வேத ஆசிரியர் எழுதியது என்றுதான் நினைப்போம்.

இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இவை 'ஒரே மதம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 'ஞானவாதம்' என்ற இந்தக் கூட்டுப்பெயரே 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹென்றி மோர் என்பவர் வைத்தது. அந்தப் பெயரைக் கைவிட்டுவிடலாம் என்று 1996-இல் மைக்கேல் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு புத்தகமே எழுதினார். மறுபக்கம், திருச்சபை மதிக்கும் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, முதிர்ந்த கிறிஸ்தவனுக்கே 'க்னோஸ்டிகோஸ்' என்று பெயர் கொடுக்கிறார். எதிரிக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத சொல்லாக அது இருந்திருக்கிறது.

பழைய உபதேசியார்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாலமியின் நிதானத்துக்குப் பின்னால் ஒரு ஏணி இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். வாலன்டினஸ் கூட்டத்தார் மனிதர்களை மூன்றாகப் பிரித்தார்கள். மண்ணுக்குரியவர்களுக்கு மீட்பில்லை. நடுவில் இருப்பவர்கள் சாதாரண சபை மக்கள். விசுவாசமும் நற்செயலும் இருந்தால் ஓரளவு கரையேறலாம். மேலே ஆவிக்குரியவர்கள், அதாவது இவர்கள். சொற்களெல்லாம் பவுலுடையவை. 1 கொரிந்தியர் 2-இல் 'ஜென்மசுபாவமான மனுஷன்', 'ஆவிக்குரியவன்' என்று வருவதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே பந்தியில் அப்பம் எடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் கிழவியைப் பார்த்து 'இவள் நடுத்தரம்' என்று மனதுக்குள் குறித்துக்கொள்வது என்ன ஐக்கியம்? ஐரேனியஸின் கோபம் கோட்பாட்டின்மேல் மட்டும் வந்ததல்ல என்று நினைக்கிறேன். அவர் காலத்தில்தான், 177-இல், லியோனில் விசுவாசிகளை மிருகங்களுக்குப் போட்டார்கள். பிளாந்தினா என்ற அடிமைப் பெண் அங்கே சாட்சியாக மரித்தாள். அவளை நடுத்தரம் என்று சொல்லிப் பாருங்கள்.

வகுப்பு பற்றியும் ஒன்று, சகோதரி. யோவானின் நிருபம் முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது. வாலன்டினஸ் அதற்கு ஒரு தலைமுறைக்குமேல் பிந்தியவர். இயேசுவின் உடல் வெறும் தோற்றம் என்று சொன்னவர்கள் முன்னமே இருந்தார்கள், அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியசும் அவர்களோடு மல்லுக்கட்டுகிறார். நிருபம் அவர்களைச் சாடுகிறது என்றால் பொருந்தும். 'நாஸ்டிக்குகளுக்கு எதிராக' என்றால், பின்னால் பிறந்த பிள்ளையின் பெயரை முன்னோருக்குச் சூட்டுவதுபோல.

சந்தேகி:
எல்லாம் சரி, கான்ஸ்டன்டைன் பேரரசர் நிசேயா மாநாட்டில் இந்தச் சுவிசேஷங்களையெல்லாம் ஒதுக்கித் தடை செய்தார் என்கிறார்களே? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஓலைச்சுவடி:
நடக்காததைப் பற்றி வாய் திறக்க என்ன இருக்கிறது? 325-இல் நிசேயா கூடியது ஏரியஸ் விவகாரத்துக்காக: குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா? ஈஸ்டர் தேதியையும் பேசினார்கள். 20 விதிகளை இயற்றினார்கள். எந்த நூல் வேதம் என்பது அதில் ஒன்றிலும் இல்லை. நான்கு நற்செய்திகள் மட்டுமே என்று ஐரேனியஸ் அதற்கு 145 ஆண்டு முன்பே அடித்துச் சொல்லிவிட்டார். திசை நான்கு, காற்று நான்கு, ஆகவே நற்செய்தியும் நான்கு என்பது அவர் வாதம். (வாதத்தின் பலத்தைப் பற்றி உபதேசியார் ஐயா என்னைக் கேட்கவேண்டாம்.)

ஒதுக்கியது நடந்தது, ஆனால் ஒரே நாளில், ஒரு ராஜாவின் கையெழுத்தில் இல்லை. 367-இல் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியஸ் தம் ஈஸ்டர் சுற்றறிக்கையில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, 'இரகசிய நூல்கள்' எனப்பட்டவற்றை விலக்கச் சொன்னார். அதையொட்டித்தான் யாரோ நக் ஹமாடிச் சுவடிகளைப் புதைத்திருக்கவேண்டும் என்பது ஓர் ஊகம். அருகிலேயே பக்கோமியஸ் மரபுத் துறவிகளின் மடங்கள் இருந்தன. ஏழாம் சுவடியின் தோல் அட்டைக்குள் விறைப்புக்காகத் திணித்த பழைய பாப்பிரஸ் (நாணல்) தாளில் 348-ஆம் ஆண்டுத் தேதி இருக்கிறது. ஆகவே அட்டை அதற்குப் பிந்தியது.

கிடைத்த கதையும் சொல்லிவிடுகிறேன். 1945 டிசம்பர். முகம்மது அலி என்ற விவசாயி, வயலுக்கு உரமாகப் போடும் மண் தோண்டப் போனபோது ஒரு சாடி தட்டுப்பட்டது. உள்ளே ஜின் இருக்குமோ என்று தயங்கி, தங்கம் இருக்குமோ என்று உடைத்தார். இருந்தவை தோலட்டை போட்ட பாப்பிரஸ் சுவடிகள்: பதின்மூன்று சுவடிகளின் பகுதிகள், 52 நூல்கள், எல்லாம் எகிப்தின் பழைய மொழியான காப்டிக்கில். வீட்டில் அடுப்புப் பக்கம் போட்டுவைக்க, அவருடைய தாய் சில ஏடுகளை வைக்கோலோடு சேர்த்து எரித்துவிட்டார். ஒரு சுவடி கடல் கடந்து போய், 1952-இல் உளவியலாளர் யுங் பெயரிலான நிறுவனத்தின் கைக்கு வந்து, பிறகு கெய்ரோ திரும்பியது. இன்று எல்லாம் காப்டிக் அருங்காட்சியகத்தில். முழுத் தொகுப்பும் ஆங்கிலத்தில் வர 1977 ஆயிற்று.

இதிலும் ஒரு பிடி உப்பு போட்டுக்கொள்ளுங்கள். சாடியும் அடுப்பும் உள்ள இந்தக் கதை முப்பது ஆண்டு கழித்துக் கேட்டுப் பதிவானது. சொல்லும்போதெல்லாம் விவரம் மாறியது. பழைய கல்லறையில் எடுத்ததாக இருக்கலாம் என்று ஐயப்படுபவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

பனங்காட்டான்:
எனக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. உயிர் கட்டுண்டு கிடக்கிறது, ஞானத்தால் விடுதலை. நம் சைவ சித்தாந்தத்தில் இல்லாததா?

ஓலைச்சுவடி:
கட்டும் விடுதலையும் சரி. ஆனால் கட்டியது யார், உலகம் எதற்கு என்று கேட்டுப்பாருங்கள். சித்தாந்தத்தில் ஆணவம் என்னும் அழுக்கு உயிரை அனாதியாகவே பற்றியிருக்கிறது. அது கழிவதற்காக இறைவன் தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (அனுபவம்) எல்லாவற்றையும் கருணையோடு தருகிறான். உடலும் உலகமும் மருந்து. யோவானின் இரகசிய நூலில் உடல் ஒரு சிறை. பொறியைப் பூட்டிவைக்கவே அதிகாரிகள் செய்தது. ஒருவர் மருத்துவமனை என்பதை இன்னொருவர் சிறைச்சாலை என்கிறார். சொல் ஒன்றாக இருப்பதாலேயே நாம் ஏமாறுகிறோம்.

பனங்காட்டான்:
புவன போகத்தை நான் யோசிக்கவில்லை. சரி, ஏற்கிறேன்.

பரங்கிமலை:
தோமா நற்செய்தி என்று ஒன்று இதே தொகுப்பில் உண்டல்லவா? நம் மயிலாப்பூர் தோமையார்தானா அது?

பழைய உபதேசியார்:
பெயரளவில் அவரே. இரண்டு நூலைப் பிரித்துக்கொள்ளவேண்டும். தோமையார் இந்தியாவுக்கு வந்து கொந்தபோரஸ் அரசனுக்கு அரண்மனை கட்டப் பணம் வாங்கி ஏழைகளுக்குக் கொடுத்த கதை 'தோமாவின் நடபடிகள்' என்ற சிரியாக் நூலில் உள்ளது, மூன்றாம் நூற்றாண்டு. அதில் ஒரு பாட்டு வரும்: கிழக்கிலிருந்து ஓர் இளவரசன் ஒரு முத்தை எடுத்துவர எகிப்துக்குப் போகிறான், அங்குள்ள சாப்பாட்டைச் சாப்பிட்டுத் தான் யாரென்பதை மறந்து தூங்கிவிடுகிறான், வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்து எழுப்புகிறது. ஞானவாதிகளின் கதையைப் பூதமில்லாமல் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டுமென்றால் அந்தப் பாட்டு போதும்.

நற்செய்தி வேறு. 114 வாக்குகள் மட்டும். சிலுவை மரணக் கதையும் இல்லை, அற்புதமும் இல்லை. அதில் யால்தபாவோத்தும் இல்லை, ஆகவே அதை ஞானவாத நூல் என்பதா என்பதே வழக்கு.

கொன்றை:
பெண்களுக்கு இவர்கள் இடம் கொடுத்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேனே?

ஓலைச்சுவடி:
கொடுத்ததும் உண்டு, கொடுக்காததும் உண்டு. 'மரியாளின் நற்செய்தி'யில் மகதலேனா மரியாள் சீடர்களைத் தேற்றி உபதேசிக்கிறாள். பேதுரு, 'நமக்குத் தெரியாமல் இயேசு ஒரு பெண்ணிடமா பேசினார்?' என்று பொருமுகிறார். 'பேதுரு, நீர் எப்போதுமே கோபக்காரர்' என்று லேவி அடக்குகிறார். ஆனால் தோமா நற்செய்தியின் கடைசி வாக்கில் மரியாள் பரலோக ராஜ்யத்துக்குள் போக ஆணாக்கப்படவேண்டும் என்று வருகிறது. காணொளிகள் முதலாவதைக் காட்டும், இரண்டாவதைக் காட்டாது.

படிக்கத் தொடங்குவதென்றால் ஃபுளோரா கடிதத்திலிருந்து தொடங்குங்கள். அது தொடக்கநிலையினருக்காகவே ஒரு ஞானவாதி எழுதியது, சில பக்கம்தான். பிறகு மரியாள், பிறகு தோமா. யோவானின் இரகசிய நூலுக்கு ஒரு பென்சிலும் பொறுமையும் வேண்டும்.

கொன்றை:
நேற்று இரவு ஒரே மூச்சில் கடிதத்தைப் படித்துவிட்டேன். 'சகோதரி ஃபுளோரா' என்று அழைப்பதைப் பார்த்ததும் உபதேசியார் ஐயா நினைவு வந்தது, மன்னிக்கவும். கடைசியில், ஒரே நல்ல கடவுளிடமிருந்து இந்த வேறு தன்மைகள் எப்படி வந்தன என்று இப்போது கலங்கவேண்டாம், தேவன் அனுமதித்தால் அதைப் பிறகு கற்பாய் என்று முடிக்கிறார். எனக்கு இருந்ததே அந்தக் கேள்விதான். அடுத்த கடிதம் எங்கே கிடைக்கும்?

பழைய உபதேசியார்:
மன்னிக்க ஒன்றுமில்லை, தாலமியோடு சேர்த்து என்னை யாரும் இதுவரை நினைத்ததில்லை! அடுத்த கடிதம் கிடைக்கவில்லை, சகோதரி. நக் ஹமாடியிலும் இல்லை. இந்த ஒன்றே எப்படித் தப்பித்தது என்று நினைக்கிறீர்கள்? நான்காம் நூற்றாண்டில் எபிபானியஸ் என்ற பேராயர் கள்ளப் போதகங்களை மறுத்து ஒரு பெரும் நூல் எழுதினார். இந்தக் கடிதத்தை முழுவதும் அதில் படியெடுத்தார். முடித்த கையோடு தாலமியைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்.